நாணமும் ஞானமும்: இமாம் கஸ்ஸாலி (ரஹ்) வாழ்வு உணர்த்தும் இல்லறக் கல்வி

அகத்திணைப் பாடல்களை வகுப்பில் நடத்தும்போது ஆண்டுதோறும் ஒரு காட்சியை நாம் காண்கிறோம். தலைவனும் தலைவியும் உள்ளம் கலக்கும் துறை வந்தவுடன் மாணவர் தலைகள் தாழும். கடைசி வரிசையில் மெல்லிய சிரிப்பு எழும். ஆசிரியரும் விரைந்து இலக்கணக் குறிப்புக்குத் தாவிவிடுவார். கேள்வி கேட்பாரும் இல்லை. கேட்கத் துணிந்தாலும் விடை சொல்வாரும் இல்லை. முதல் மாதவிலக்கை நோயென்று அஞ்சி, இரண்டு நாள் எவரிடமும் சொல்லாமல் அழுததாக மாணவி ஒருவர் பின்னாளில் நம்மிடம் கூறியதுண்டு. அவர் வீட்டில் தாயும் இருந்தார், பாட்டியும் இருந்தார். இருவர் வாயையும் அடைத்தது நாணம்.

இந்த மௌனத்தை நாம் மார்க்கப் பற்று என்று எண்ணிக்கொள்கிறோம். மார்க்கம் இதனைக் கேட்டதா? இவ்வினாவுக்கு விடை தேடி, தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மறைந்த ஒரு பேரறிஞரின் வாழ்க்கைக்குள் நுழைவோம். இஸ்லாத்தின் சான்று என்னும் பொருள்பட ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்று உலகம் போற்றும் இமாம் அபூ ஹாமித் முஹம்மத் அல்கஸ்ஸாலி (ரஹ்) அவர்களே அப்பெரியார்.

ஏழைத் தந்தையின் கனவு

இன்றைய ஈரானின் வடகிழக்கே, குராஸான் நிலப்பகுதியில் தூஸ் என்றொரு பழம்பதி இருந்தது. ஹிஜ்ரி 450, அதாவது கி.பி. 1058-ஆம் ஆண்டில் இமாம் அவர்கள் அங்கே பிறந்தார்கள். தந்தையார் கம்பளி நூல் நூற்று விற்று வாழ்ந்த ஏழை. அவருக்குக் கல்வி வாய்க்கவில்லை. எனினும் அறிஞர் அவைகளில் அமர்ந்து கேட்பதில் அவருக்குத் தணியாத வேட்கை இருந்தது. தமக்கு எட்டாத கல்வி தம் மக்களுக்கேனும் எட்டவேண்டும் என்று அவர் இறைவனிடம் இறைஞ்சியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். இறக்கும் தறுவாயில் முஹம்மத், அஹ்மத் என்னும் தம் இரு மைந்தரையும் ஸூஃபி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்து, விட்டுச்செல்லும் சிறுபொருள் முழுவதையும் அவர்கள் கல்விக்கே செலவிடுமாறு வேண்டினார். பொருள் தீர்ந்தபின், உணவும் உறைவிடமும் தரும் மத்ரஸாவில் சேர்ந்து பயிலுமாறு அந்நண்பர் சிறுவரை அனுப்பிவைத்தார்.

இளமையில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி பலரும் அறிந்தது. ஜுர்ஜானில் கற்றுத் திரும்பும் வழியில் கள்வர் கூட்டம் இமாம் அவர்களின் உடைமைகளைப் பறித்தது. பிற பொருளெல்லாம் போகட்டும், குறிப்பேடுகளை மட்டும் தந்துவிடுமாறு இளைஞர் வேண்டினார். ஏடு போனால் அறிவும் போய்விடும் என்றால் நீ கற்றதுதான் என்ன என்று எள்ளி நகைத்த கள்வர் தலைவன், ஏடுகளைத் திருப்பித் தந்தான். அந்த ஏளனத்தை இறைவன் விடுத்த எச்சரிக்கையாகவே இளைஞர் ஏற்றார். ஊர் திரும்பி, மூன்றாண்டுகள் முயன்று அக்குறிப்புகள் அனைத்தையும் நெஞ்சில் பதித்துக்கொண்டார். ஏட்டில் கிடப்பது கல்வியன்று, வாழ்வில் உடன் வருவதே கல்வி என்னும் இந்தப் பாடம் அவர் எழுத்து முழுவதிலும் பின்னர் ஒலித்தது.

பாக்தாதின் பேராசான்

நிஷாப்பூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனி (ரஹ்) அவர்களிடம் சட்டமும் தர்க்கமும் இறையியலும் கற்றுத் தேர்ந்தார்கள். ஆசிரியர் 1085-இல் மறைந்தபின், ஸல்ஜூக் பேரரசின் அமைச்சர் நிளாமுல் முல்க் அவர்களின் அவையை அடைந்தார்கள். அவர்களின் புலமையைக் கண்டு வியந்த அமைச்சர், 1091-இல் பாக்தாதின் நிளாமிய்யா கல்விக்கூடத்துக்கு அவர்களைப் பேராசிரியராக்கினார். அப்போது வயது முப்பத்து மூன்று. முந்நூறு மாணவர் சூழ்ந்தமர்ந்து பாடம் கேட்டனர். கலீஃபாவின் அவையிலும் அவர்கள் சொல்லுக்கு மதிப்பிருந்தது. தத்துவவாதிகளின் கொள்கைகளை ஆராய்ந்து மறுக்கும் தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா என்னும் நூல் இக்காலத்தில் எழுந்ததே.

புகழின் உச்சியில் நின்ற அந்த நாட்களில்தான் அவர்கள் உள்ளத்தில் ஒரு கேள்வி முளைத்தது. இத்தனையும் இறைவனுக்காகச் செய்கிறோமா, பெயருக்காகவா? ஹிஜ்ரி 488 ரஜப் மாதத்தில், 1095-ஆம் ஆண்டு, தொடங்கிய அப்போராட்டம் ஏறத்தாழ ஆறு மாதம் நீடித்தது. ஒருநாள் பாடம் சொல்ல அமர்ந்தவருக்கு நா எழவில்லை. உணவும் செல்லவில்லை. நோய் உள்ளத்தில் வேர்கொண்டது என்று கூறி மருத்துவர் கைவிரித்தனர். தம் வாழ்வைத் தாமே எழுதிய அல்முன்கித் என்னும் நூலில் இமாம் அவர்கள் இதனை ஒளிக்காது பதிவுசெய்துள்ளார்கள்.

ஈற்றில், குடும்பத்துக்கு வேண்டிய பொருளை ஒதுக்கிவிட்டு எஞ்சியதை ஈந்தார்கள். தம்பி அஹ்மதைத் தம் இடத்தில் அமர்த்திவிட்டு நகரை நீங்கினார்கள். திமிஷ்க் நகரின் உமையாப் பள்ளிவாசல் மினாரில் தனித்திருந்தார்கள். பைத்துல் முகத்தஸ் சென்றார்கள். மக்காவும் மதீனாவும் கண்டார்கள். பின்னர்த் தம் குழந்தைகளின் அழைப்பே தம்மை ஊர் திரும்பச் செய்தது என்றும் அவர்களே எழுதுகிறார்கள். இல்லறத்தை வெறுத்து ஓடிய துறவியல்லர் அவர்கள் என்பதற்கு இவ்வொரு குறிப்பே போதுமானது.

இஹ்யாவில் இல்லறம்

இந்தப் பயணக் காலத்தின் கனியே இஹ்யா உலூமித்தீன். மார்க்க அறிவுகளுக்கு உயிரூட்டல் என்பது அப்பெயரின் பொருள். வணக்கங்கள், வாழ்வின் வழமைகள், அழிவு தருவன, ஈடேற்றம் தருவன என்னும் நான்கு பகுதிகளும், பகுதிக்குப் பத்தாக நாற்பது நூல்களும் கொண்ட பெருங்களஞ்சியம் அது. அதன் பன்னிரண்டாவது நூல், திருமண ஒழுக்கங்களைப் பேசும் ஆதாபுந் நிகாஹ்.

ஒரு நுட்பத்தை இங்கே நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும். பெயரையும் பதவியையும் உதறி, மறுமை ஒன்றையே நாடி, உள்ளத் தூய்மை தேடி அலைந்த ஒருவர், தம் ஆன்மிகப் பெருநூலில் கணவன் மனைவி உறவுக்கு ஒரு தனி நூலையே ஒதுக்குகிறார். தொழுகைக்கும் நோன்புக்கும் இடமளித்த அதே ஏட்டில் பள்ளியறைப் பண்புக்கும் இடமளிக்கிறார். அது தூய்மைக்குப் புறம்பான பேச்சு என்று அவர் கருதவில்லை.

திருமணத்தின் பயன்களை அவர் ஐந்தாக வகுக்கிறார். மக்கட்பேறு, வேட்கையினின்றும் காப்பு, இல்ல மேலாண்மை, துணையின் இனிமை, குடும்பப் பொறுப்பைச் சுமப்பதால் விளையும் ஆன்மப் பயிற்சி என்பன அவை. வேட்கை மக்கட்பேற்றுக்கு ஒரு தூண்டுகோல் என்பதோடு அவர் நிறுத்தவில்லை. அதில் உள்ள இன்பம் மறுமையின் நிலையான இன்பத்துக்கு ஒரு முன்சுவையாகவும் அமைந்து, மனிதனை நற்செயலின்பால் தூண்டுகிறது என்கிறார். உடலின் வேட்கையை அழுக்கென இகழாது, இறைவன் வைத்த குறிப்பாக அவர் கண்டார்.

பெண்ணின் பொறுப்பாளருக்கும் அவர் எச்சரிக்கை தருகிறார். மணமகனின் ஒழுக்கத்தை ஆராயாமல் தீயவனுக்கு மகளைக் கொடுப்பவர், மகளுக்கும் மார்க்கத்துக்கும் தீங்கிழைத்தவராவார். மணப்பதற்கு முன் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதையும் அவர் வலியுறுத்துகிறார்.

கற்பித்தல் என்னும் கடமை

நம் பொருளுக்கு நெஞ்சாக அமைவது இப்பகுதியே. கணவனின் கடமைகளை வரிசைப்படுத்தும்போது கல்வியையும் அவற்றுள் ஒன்றாக இமாம் அவர்கள் வைக்கிறார்கள். மாதவிலக்கு பற்றிய சட்டங்களைக் கணவன் முதலில் தான் கற்கவேண்டும். பின் மனைவிக்குக் கற்பிக்கவேண்டும். சூரியன் மறைவதற்குச் சற்று முன் உதிரம் நின்றால் எந்தத் தொழுகைகளை நிறைவேற்றவேண்டும், விடியலுக்குச் சற்று முன் நின்றால் எவற்றை நிறைவேற்றவேண்டும் என்பதுவரை அவர் விரித்துரைக்கிறார்.

கணவனுக்கு இவ்வறிவு இல்லையெனில்? மார்க்க அறிஞரிடம் சென்று கேட்டு வந்து மனைவிக்குச் சொல்லவேண்டும். அதனையும் அவன் செய்யவில்லையெனில், மனைவி தானே வெளியே சென்று கேட்டறிவது அவள்மீது கடமையாகிறது. அவளைத் தடுக்கும் கணவன் பாவியாகிறான். பெண்டிர் வெளியே செல்வதற்குப் பல கட்டுப்பாடுகள் விதித்த அவர்களே, அறிவைத் தேடும் தேவை வந்தபோது வாயிலைத் திறந்துவிட்டார்கள்.

இது அவர்கள் புதிதாகப் படைத்த நெறியன்று. உறக்கத்தில் பெண்ணுக்கு நேரும் நிலைக்குக் குளிப்பு கடமையா என்று அன்னை உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் நேரில் வினவினார்கள். சத்தியத்தை உரைப்பதில் இறைவன் வெட்கப்படுவதில்லை என்னும் முன்னுரையோடு அவர்கள் கேட்டதும், நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவாக விடையளித்ததும் நபிமொழித் தொகுப்புகளில் உள்ளன. மார்க்கத்தைக் கற்பதற்கு வெட்கம் தடையாகாத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதையும் அத்தொகுப்புகளில் காண்கிறோம். திருக்குர்ஆனும் மாதவிலக்கைப் பற்றிய வினாவை எடுத்துக்கூறி விடையளிக்கிறது. கணவனையும் மனைவியையும் ஒருவருக்கொருவர் ஆடையென உவமிக்கிறது. வினா எழுந்த இடத்தில் விடை தந்த மரபு இது.

துணையின் உரிமை

இல்லற உறவின் ஒழுக்கங்களை உரைக்கும் இடத்தில் இமாம் அவர்களின் எழுத்தில் கண்ணியமும் தெளிவும் கைகோத்து நடக்கின்றன. இறைவன் பெயரால் தொடங்குக, பிரார்த்தனை புரிக, மறைவு பேணுக, இனிய சொல்லும் அன்பின் முத்தமும் முன்செல்லட்டும் என்று நெறிப்படுத்துகிறார்கள். தன் தேவை நிறைவேறியதும் கணவன் விலகிவிடலாகாது. மனைவியின் நிறைவு தாமதமாக வரக்கூடும். அதுவரை அவன் பொறுத்திருத்தல் வேண்டும் என்கிறார்கள். இதனைப் புறக்கணித்தல் அவளுக்குத் துன்பம் தருவது என்றும், இருவர் இயல்பிலும் உள்ள இந்த வேறுபாடே மனக்கசப்புக்கு வித்தாகும் என்றும் காரணமும் காட்டுகிறார்கள்.

பெண்ணுக்கும் இன்பவுணர்வு உண்டு, அதனை மதித்தல் ஆணின் கடமை என்பதைப் பதினோராம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஒரு மார்க்க அறிஞர் எழுதிவைத்தார். மனைவியின் கற்பைக் காக்கும் பொறுப்பு கணவனுக்கு உண்டாதலின், அவள் தேவையறிந்து நடத்தல் வேண்டும் என்றும் வகுத்தார். மாதவிலக்கு நாட்களில் உடலுறவு கூடாது. ஆயினும் மனைவியை ஒதுக்கிவைத்தலும் கூடாது. உடனிருத்தலும் உடனுண்ணலும் உடனுறங்கலும் ஆகுமானவையே.

மனைவியோடு விளையாடி மகிழ்தலையும் இமாம் அவர்கள் நல்லொழுக்கத்தில் சேர்க்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடிய நிகழ்ச்சியை இதற்குச் சான்றாக்குகிறார்கள்.

பிள்ளைப்பேறும் பெண்மகவும்

கருத்தரிப்பைத் தவிர்க்க அக்காலத்தில் வழங்கிய அஸ்ல் என்னும் முறை பற்றியும் இமாம் அவர்கள் விரிவாக ஆராய்ந்தார்கள். அது தடுக்கப்பட்டதன்று, ஆயினும் சிறந்ததை விடுவதாகும் என்பது அவர்கள் முடிவு. பேறுகாலத்தில் மனைவியின் உயிருக்கு நேரக்கூடிய ஆபத்தை அஞ்சுதலும், மக்கள் பெருகி, அவர்களைப் பேணுவதற்காகத் தகாத வழியில் பொருள் தேடும் நிலை வருமோ என்று அஞ்சுதலும் ஏற்கத்தக்க நோக்கங்களாம். பெண் குழந்தை பிறந்துவிடுமோ என்று அஞ்சித் தவிர்ப்பதோ தீய நோக்கமாம். உருவான கருவைச் சிதைப்பதை இதனினும் வேறாக, குற்றமாகவே அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். கரு வளருந்தோறும் குற்றமும் வளரும் என்றார்கள்.

மகன் பிறந்தால் அளவிறந்து மகிழ்தலும், மகள் பிறந்தால் வருந்துதலும் ஆகாது. நன்மை எதில் உள்ளதென எவர் அறிவார் என்று கேட்ட அப்பெருமகனாருக்குப் பின்னால் எஞ்சியோர் பெண்மக்களே என்று வரலாறு குறிக்கிறது.

பருவமும் பாதுகாப்பும்

இஹ்யாவின் இருபத்திரண்டாம் நூலில் குழந்தை வளர்ப்பைப் பேசும் இமாம் அவர்கள், குழந்தை பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்கிறார்கள். அதன் தூய நெஞ்சம் எதைப் பதித்தாலும் ஏற்கும். குழந்தையிடம் நாணம் தோன்றுவதைப் பகுத்தறிவு மலர்வதன் அடையாளமாகக் கண்டு, அதனைக் கெடுக்காமல் துணையாக்கி வளர்க்கச் சொல்கிறார்கள். பருவம் நெருங்கும்போது, அதுவரை பழக்கமாகச் செய்துவந்தவற்றின் உட்பொருளை எடுத்துச் சொல்லவேண்டும் என்கிறார்கள். நாணத்தைப் பேணுதலும் விளக்கம் கூறுதலும் அவர்களிடம் பகைவராக நிற்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

அடுத்த நூலில் வயிற்றின் பசியையும் உடலின் வேட்கையையும் அடக்கியாளும் வழியைச் சொல்கிறார்கள். வேட்கை அறவே அற்றுப்போவதும் குறை, அறிவை மிஞ்சுவதும் குறை, நடுநிலையே நிறை. வேட்கையைச் செயற்கையாகத் தூண்டுபவன், உறங்கும் கொடுவிலங்குகளைத் தட்டியெழுப்புபவன் போன்றவன் என்று உவமிக்கிறார்கள். பார்வையே தொடக்கம் என்று எச்சரிக்கிறார்கள். கையடக்கத் திரையில் எந்நேரமும் எக்காட்சியும் காணக் கிடைக்கும் இக்காலத்து இளைஞருக்கு இந்த உவமைக்கு உரை தேவையில்லை.

காலமும் எல்லையும்

இமாம் அவர்களை நாம் போற்றுவது கண்மூடிப் போற்றுவதாகாது. இஹ்யாவுக்கு அவர்கள் வாழ்நாளிலேயே எதிர்ப்பு எழுந்தது. 1109-இல் முராபித்துகள் ஆட்சியில் குர்துபா நகரில் அதன் பிரதிகள் எரிக்கப்பட்டன. அதில் இடம்பெற்ற நபிமொழிகளுள் பலவீனமானவை பல உள என்பதைப் பிற்கால அறிஞர் ஆராய்ந்து குறித்தனர். 1404-இல் மறைந்த ஹாஃபிள் இராக்கீ (ரஹ்) அவர்களின் பணி இத்துறையில் பெரிது. மனைவியின் கீழ்ப்படிதலைப் பற்றியும், பெண் வெளியில் செல்வதைப் பற்றியும் இமாம் அவர்கள் எழுதியவற்றுள் சில, அக்காலச் சமுதாயத்தின் சாயல் படிந்தவை. இன்று உடலியலும் மருத்துவமும் அறிந்துள்ளவற்றை அவர்கள் நூலில் தேடுவதும் முறையன்று. நாம் கொள்ளவேண்டியது அவர்கள் காட்டிய திசையை. கூச்சத்தின் பெயரால் எவரையும் அறியாமையில் விடலாகாது என்பதே அத்திசை.

1106-இல் மீண்டும் நிஷாப்பூரில் பாடம் சொன்ன இமாம் அவர்கள், பின் தூஸ் திரும்பி, தம் இல்லத்தருகே மாணவர்க்கொரு கல்விக்கூடமும் ஸூஃபிகளுக்கொரு தங்குமிடமும் அமைத்தார்கள். ஹிஜ்ரி 505 ஜுமாதல் ஆகிர் 14, கி.பி. 1111 டிசம்பர் 18, திங்கட்கிழமை விடியலில் ஒளூச் செய்து தொழுதார்கள். தம் கஃபன் துணியைக் கேட்டு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கால் நீட்டிப் படுத்து, இறைவனடி சேர்ந்தார்கள் என்று தம்பியார் வாயிலாக நாம் அறிகிறோம்.

நமக்குரிய பாடம்

தமிழகக் கடற்கரை ஊர்களில் நம் முன்னோர் வழிவழியாகப் பின்பற்றிவரும் ஷாஃபிஈ மத்ஹபின் தலையாய இமாம்களுள் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் ஒருவர். அவர்கள் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சூட்டுகிறோம். அவர்கள் நூலை நம் அலமாரிகளில் அணிசெய்து வைக்கிறோம். கள்வர் தலைவன் அன்று கேட்ட கேள்வி இன்று நம்மை நோக்கியும் எழுகிறது. ஏட்டில் மட்டும் இருப்பது அறிவாகுமா?

பெற்றோரே சொல்லாவிடின் பிள்ளைகள் அறியாமலே இருந்துவிடுவதில்லை. தெருவும் திரையும் அவர்களுக்குச் சொல்லும், கண்ணியமின்றிச் சொல்லும், பொய் கலந்து சொல்லும். ஏழு வயதில் தொழுகையைப் பழக்கவும், பத்து வயதில் படுக்கையைப் பிரிக்கவும் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். மூன்று வேளைகளில் பெற்றோர் அறைக்குள் நுழையச் சிறுவரும் அனுமதி கேட்கவேண்டும் என்று திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் கற்பிக்கிறது. இவ்விரண்டையும் பிள்ளைக்கு விளக்கத் தொடங்கினாலே உடலின் மறைவும், பிறர் தீண்டலாகா எல்லையும், அத்துமீறுவோர் எவராயினும் பெற்றோரிடம் அஞ்சாது சொல்லும் துணிவும் அப்பேச்சில் தாமே இடம்பெறும். தாய் மகளுக்கும், தந்தை மகனுக்கும், ஆசிரியர் மாணவருக்கும், ஆலிம் பெருமக்கள் மணமக்களுக்கும் அவரவர்க்குரிய அளவில் சொல்லித்தரலாம். திருமண ஏற்பாடுகளில் விருந்துக்கும் பந்தலுக்கும் செலவிடும் நேரத்தில் ஒரு மாலைப்பொழுதை மணமகனுக்கும் மணமகளுக்கும் இல்லறக் கடமைகளை விளக்க நம் ஜமாஅத்துகள் ஒதுக்கினால் அதுவே சிறந்த அன்பளிப்பாகும்.

அகத்திணை வகுப்பில் இனி தலைகள் தாழும்போது நாம் இலக்கணக் குறிப்புக்கு ஓடவேண்டியதில்லை. நாணம் ஈமானின் ஒரு கிளை என்று கற்ற நாம், அறிவைத் தேடுவது கடமை என்றும் கற்றவர்களே. ஒன்றைக் காக்க மற்றொன்றைப் பலியிடும்படி மார்க்கம் நம்மைப் பணிக்கவில்லை. அழுதுகொண்டிருக்கும் ஒரு சிறுமிக்கு, அது நோயன்று மகளே, இறைவன் அமைத்த இயல்பு என்று சொல்லும் ஒரு தாயை நாம் உருவாக்கினால், இமாம் அவர்களின் நூலைப் படித்த பயன் நமக்கு வாய்த்ததாகும். வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவானாக! ஆமீன்.